லீவுக்கு வருகிற சனமும் எங்கள் கரையும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் வாசியுங்கள்.

2 வருடங்களுக்கு முன், ஒரு வெசாக் லீவு முடிந்த கையோடு நாங்கள் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தோம். முல்லைத்தீவுக் கடற்கரைக்கு பஸ் பிடித்து வருகிறவர்கள், வட்டுவாகல் பாலத்தில் இறங்கிப் படம் எடுக்கிறவர்கள், பஸ்ஸுக்குள் றபான் அடித்து பைலா பாடுகிறவர்கள், போனபின் கிடக்கிற போத்தல்கள் எல்லாவற்றையும் பற்றி. "இவர்களுக்கு வெட்கம் இல்லையா" என்று முடித்திருந்தோம். பலர் பகிர்ந்தார்கள். எங்களுக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமை.

போன டிசம்பர் 26 காலை அந்தப் பெருமை போய்விட்டது. புத்தளத்திலிருந்து எங்கள் சொந்தக்காரர் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். ராத்தா குடும்பம், மச்சான், பிள்ளைகள், உம்மாவின் தங்கச்சி. டிசம்பர் லீவு, சொந்த ஊர் பார்க்கிற ஆசை. முந்தின நாள் தண்ணீரூற்றில் பழைய வளவைப் பார்த்தாயிற்று. அன்று காலை கடல். வேன் கரைக்குப் போகும்போது 9 மணி இருக்கும். பெடியன்கள் இறங்கினதும் ஸ்பீக்கரைத் தூக்கி மணலில் வைத்துப் பாட்டுப் போட்டார்கள். பெரிய சத்தம்தான். எங்களுக்கு அது ஒன்றும் தோன்றவில்லை. நாங்கள் பாய் விரித்துக்கொண்டு இருந்தோம்.

கரைவலைப் பக்கம் இருந்து ஒரு வயதான ஐயா நடந்து வந்தார். கோபம் இல்லை. "தம்பியவை, இண்டைக்கு மட்டும் அதை நிப்பாட்டுங்கோ" என்றார். மச்சான் கேட்டார்: "ஏன் ஐயா, இன்டைக்கு என்ன?" அந்த மனிசன் மச்சானைப் பார்க்கவில்லை. எங்களைத்தான் பார்த்தார். இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிற ஆட்கள் என்று அவருக்குத் தெரியும். அப்போதுதான் கரையின் மற்றப் பக்கம் வெள்ளைச் சேலையோடு நின்ற பெண்களைக் கண்டோம். சுனாமியின் 20ஆம் ஆண்டு. நாடு முழுக்க 9.25க்கு 2 நிமிடம் மௌனம். அதற்குக் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

ஸ்பீக்கரை நிறுத்திவிட்டோம். ஆனால் பழைய பதிவைத் திரும்பப் போய் வாசித்தபோது, அதில் எழுதின ஒவ்வொரு வரியும் எங்களுக்கே பொருந்தியது. அதனால்தான் இந்தப் பதிவு.

இந்தக் கரைக்கு வெளியாட்கள் கூட்டமாக வருவது 2009க்குப் பிறகு தொடங்கின விசயம் இல்லை. வருடா வருடம் வந்த பெரிய கூட்டம் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்கு வருகிற கூட்டம். நந்திக்கடலின் கரையில் கோயில். மதுரையை எரித்த கண்ணகி கடல் கடந்து இலங்கைக்கு வந்து, தங்கின இடங்களில் பத்தாவது இது, "பத்தாம் பளை" என்பதே பெயரானது என்று ஐதீகம். வைகாசி விசாகத்தை ஒட்டின திங்கட்கிழமை பொங்கல். அதற்கு முந்தின கிழமை சிலாவத்தை தீர்த்தக்கரையில் கடல் நீர் எடுத்து, முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் வைத்து, அந்த உப்பு நீரில் விளக்கு எரிப்பார்கள். யாழ்ப்பாணம், வவுனியா, மன்னார், திருகோணமலை என்று எல்லாப் பக்கமும் இருந்து சனம் வரும். முன்பு மாட்டு வண்டிகளில் நாள்கணக்காக வந்தார்கள். விடிய விடியப் பறை, பாட்டு, காவடி, கடை, பிள்ளைகளின் ஊதுகுழல். சத்தம் என்றால் அதுதான் சத்தம்.

எங்கள் பெரியவர்கள் யாரும் அந்தச் சத்தத்தைக் குறை சொல்லி நாங்கள் கேட்டதில்லை. தண்ணீரூற்றும் முள்ளியவளையும் ஒட்டின ஊர்கள். பொங்கல் காலத்தில் முஸ்லிம் கடைகளில் வியாபாரம் சூடு பிடிக்கும். மூத்தவாப்பா சொல்லுவாராம், அந்தக் கிழமையில் வீட்டுக் கிணற்றடி வேலிக் கடப்பை மூடுவதில்லை என்று. வழிப்போக்கர் குளிக்க, குடிக்க. அது அன்பு மட்டும் இல்லை, வியாபாரமும்தான். இரண்டும் சேர்ந்து இருந்தது. வருகிறவர்களுக்கு எந்த நாளில் வருகிறோம், எதற்கு வருகிறோம், எப்போது போகவேண்டும் என்று தெரியும். இருக்கிறவர்களுக்கும் தெரியும்.

இரண்டாவது கூட்டம் மீன்பிடிக்கு வருகிறவர்கள். நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் தென்மேல் பருவக்காற்றில் தங்கள் கடல் கொந்தளிக்கும்போது கிழக்குக் கரைக்கு வருவது பழைய வழக்கம். கொக்கிளாய், நாயாறு, முல்லைத்தீவு என்று வாடி அடித்துத் தங்குவார்கள். பருவம் மாறினால் வாடியைப் பிரித்துக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களில் பலர் கத்தோலிக்கர், இந்தக் கரை மீனவர்களிலும் பலர் கத்தோலிக்கர். ஒரே மாதாவுக்கு இரண்டு மொழியில் பாட்டு. சண்டை இல்லாமல் இல்லை. வலை, பாடு, சம்மாட்டிமாரின் கணக்கு எல்லாவற்றிலும் சண்டை இருந்தது. ஆனால் வருகிறவர் வருகிறவராகவும் இருக்கிறவர் இருக்கிறவராகவும் இருக்கும் வரைக்கும் அந்தச் சண்டை பேசித் தீர்க்கிற அளவில் இருந்தது.

பருவகாலத்துக்கு வந்தவர்கள் நிரந்தரமாகத் தங்கத் தொடங்கி, அதற்குப் பின்னால் அரசாங்கத்தின் குடியேற்றத் திட்டமும் வந்து நின்றபோது கதை மாறியது. 1984 டிசம்பர் 1ஆம் திகதி நாயாறு, கொக்கிளாய்ச் சிங்கள மீனவக் குடியிருப்புகளைப் புலிகள் தாக்கினார்கள். பெண்களும் பிள்ளைகளும் செத்தார்கள். அதே மாதம் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய்த் தமிழ்ச் சனம் படையினரால் விரட்டப்பட்டு ஊரை விட்டு ஓடியது. திரும்பி வர அவர்களுக்கு ஒரு தலைமுறை ஆனது. 2018 ஓகஸ்டில் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் வள்ளங்களும் வலைகளும் எரிந்ததை நீங்களே செய்தியில் பார்த்திருப்பீர்கள். இதை வாசிக்கிற சிலருக்கு ஒரு பக்கச் சாவு மட்டும் ஞாபகம் இருக்கும், சிலருக்கு மற்றப் பக்கம் மட்டும். நாங்கள் இரண்டையும் எழுதுகிறோம்.

இன்னொரு உதாரணம், எங்கள் பக்கத்து மாவட்டத்திலிருந்து. மன்னாரின் சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு. 1905, 1906 வருடங்களில் மரிச்சுக்கட்டியில் சும்மா கிடந்த மணல்வெளி சில கிழமைகளுக்குள் பல்லாயிரம் பேர் கொண்ட பட்டணமாகிவிடும். கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம் குளிகாரர், அரபிகள், யாழ்ப்பாணத்துத் தமிழர், செட்டிமார், சிப்பி ஏலம் எடுக்க வந்த வியாபாரிகள். லெனார்ட் வூல்ஃப் என்ற இளம் வெள்ளைக்கார அதிகாரி 1906இல் அங்கே வேலை பார்த்தார், பின்னாளில் அதை எழுதியும் வைத்தார். அழுகுகிற சிப்பியின் நாற்றம், இலையான், இரவும் பகலும் ஓயாத கூச்சல். அரசாங்கமே முன்கூட்டித் தெரு போட்டு, பொலிஸ், நீதிமன்றம், ஆஸ்பத்திரி எல்லாம் வைத்து, முடிந்ததும் கலைத்துவிடும். லீவு கழிக்க வந்த கூட்டம் இல்லைதான். ஆனால் ஒரு கரைக்கு திடீரென்று இத்தனை பேர் வந்தால் என்ன நடக்கும் என்பதை வெள்ளைக்காரன் முதலே யோசித்து வைத்திருந்தான். இன்று எங்கள் கரையில் ஒரு லீவு நாளுக்கு 50 பஸ் வந்தாலும் 2 கக்கூசுதான். அதிலும் ஒன்று பூட்டிக் கிடக்கும்.

இனி எங்கள் கதை. இதைச் சொல்லாமல் மற்றது விளங்காது.

1990 ஒக்டோபரில் வடக்கின் 5 மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினார்கள். 70,000க்கும் மேற்பட்ட சனம். முல்லைத்தீவு டவுன், தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி எல்லாம் ஒரே கிழமையில் வெறுமையானது. வாப்பாவும் உம்மாவும் எங்களை வயிற்றிலும் இடுப்பிலும் வைத்துக்கொண்டு புத்தளம் வந்தார்கள். நாங்கள் கண் விழித்துப் பார்த்த உலகம் ஆலங்குடா. கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரை. கிடுகுக் கொட்டில், தார்ச் சீலைக் கூரை, குழாய்க் கிணற்றடியில் குடம் வைத்து வரிசை. உள்ளூர் முஸ்லிம்கள் முதல் நாளில் சோறு தந்தார்கள். 10 வருடம் போனபிறகு அதே மனிசருக்கு நாங்கள் சுமையாகிப் போனோம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கிணறு ஒன்று, பள்ளிக்கூடம் ஒன்று, கூலி வேலை ஒன்று, வந்து சேர்ந்தவர்கள் அவர்களைவிடக் கூட.

யுத்தம் முடிகிற காலத்தில் ஆலங்குடாக் கரையில் ஹொட்டல்கள் வரத் தொடங்கின. அந்தக் கடலில் நவம்பரிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை டொல்பின் கூட்டம் கூட்டமாக வரும். அதைப் பார்க்க கொழும்புப் பணக்காரரும் வெள்ளைக்காரரும். கற்பிட்டியின் 14 தீவுகளைச் சேர்த்து அரசாங்கம் பெரிய சுற்றுலாத் திட்டம் ஒன்றும் போட்டது. கரையில் வள்ளம் ஏற்றுகிற இடத்துக்கு வேலி வந்தது. உள்ளூர் மீனவர் சண்டை போட்டார்கள். சிலர் வலையை வைத்துவிட்டு டொல்பின் பார்க்க ஆட்களை ஏற்றிப் போனார்கள், மீனைவிட அதில் காசு கூட. எங்கள் பெடியன்கள் ஹொட்டல்களில் பெட்ஷீட் கழுவினார்கள். இரவில் வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டும் சிரிப்பும். இந்தப் பக்கம் முகாமில் நாங்கள் குப்பி விளக்கில் ஓ.எல். சோதனைக்குப் படித்தோம். அவர்களுக்கு எங்கள் மேல் கோபமோ வெறுப்போ இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு சனம் கிடக்கிறது என்பதே தெரியாது. அதுதான் எங்களுக்கு நோவு. இன்றைக்கும் ஞாபகம், ஒரு வெள்ளைக்காரப் பெண் வேலியோரம் வந்து எங்கள் கொட்டில்களைப் படம் எடுத்துவிட்டு "நல்ல கிராமம்" என்கிற மாதிரி பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். நாங்களும் பல்லைக் காட்டினோம்.

அங்கிருந்து கல்வியியற் கல்லூரி, பிறகு நியமனம். சொந்த மாவட்டத்துக்கே கேட்டு எடுத்து வந்தோம். வந்து பார்த்தால் இங்கேயும் ஒரு லகூன், ஒரு கடல், லீவுக்கு வருகிற ஒரு சனம்.

ஏ9 வீதி திறந்ததும் தெற்கிலிருந்து சனம் வெள்ளமாக வடக்கே வந்தது. 30 வருடம் மூடிக் கிடந்த பக்கம், பார்க்க ஆசை இருக்கத்தான் செய்யும். நாகவிகாரை, நயினாதீவு, யாழ் நூலகம். 2010 ஒக்டோபரில் ஒரு மருத்துவ மாநாட்டுக்காக நூலகம் மூடியிருந்த நேரம் உள்ளே விடச்சொல்லி வந்த கூட்டத்தால் பெரிய சர்ச்சை ஆனது. நூலகம் 1981இல் எரிந்த கதையை வந்தவர்களில் எத்தனை பேர் அறிந்திருந்தார்களோ.

வன்னிக்கு வந்தவர்களுக்கு வேறு விதமான "இடங்கள்" காட்டப்பட்டன. கிளிநொச்சியில் விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கி, பக்கத்தில் நினைவுப்பொருள் கடை. புதுக்குடியிருப்புக் காட்டுக்குள் பிரபாகரனின் நிலக்கீழ் வீடு, 4 மாடி ஆழம். வரிசையில் நின்று இறங்கிப் பார்த்தார்கள். 2013 ஒக்டோபரில் இராணுவமே அதை வெடிவைத்துத் தகர்த்துவிட்டது. கரையில் ஃபாரா 3 என்ற ஜோர்தான் கப்பல். 2006 டிசம்பரில் 14,000 தொன் அரிசியோடு தென்னாபிரிக்கா போகிற வழியில் பழுதாகி இங்கே ஒதுங்கினது. இரும்புக்காக வெட்டித் தீர்க்கும் வரைக்கும் அதுவும் ஒரு காட்சிப்பொருள். குளத்து நடுவில் துப்பாக்கியோடு நிற்கிற வெற்றிச் சிலை. எல்லாவற்றுக்கும் மேலாக நந்திக்கடல் ஓரத்தில் இராணுவம் நடத்தின லகூன்ஸ் எட்ஜ் என்ற விடுமுறை விடுதி. 2009 மே மாதம் எந்த நீரேரியில் சனமும் போராளிகளும் செத்து மிதந்தார்களோ, அதைப் பார்த்துக்கொண்டு தேநீர் குடிக்கிற பல்கனி.

அதே நீரேரியின் கரையில்தான் கேப்பாப்பிலவு. 2012இல் மெனிக் பாம் முகாமை மூடும்போது அந்த ஊர்ச் சனத்தை ஊருக்கு விடவில்லை, இராணுவம் அங்கே இருந்தது. பக்கத்தில் ஒரு மாதிரிக் கிராமத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். 2017இல் அவர்கள் முகாம் வாசலிலேயே மாதக்கணக்காக இருந்து போராடித்தான் கொஞ்சக் காணி கிடைத்தது. லீவுக்கு வருகிறவன் ரூம் எடுத்து நிற்கலாம், பிறந்தவன் வேலிக்கு வெளியே நிற்கவேண்டும். எங்களுக்கு அது புதுக் காட்சி இல்லை. ஆலங்குடாவில் பார்த்ததுதான். இங்கே கூரிய கம்பி.

அதன் பிறகு திகதிகள். 2011இல் வெசாக் மே 17, மறுநாளும் பொது விடுமுறை. அந்த மறுநாள் மே 18. தெற்கிலிருந்து வருகிறவனுக்கு அது 2 நாள் லீவு. முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் புதைத்த தாய்க்கு அது என்ன நாள் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் அவள் ஒரு விளக்கு கொளுத்தவும் பயந்தாள். அதே நாளில் வெசாக் கூடுகள், தன்சல், பாட்டு. 2019இல் வெசாக் சரியாக மே 18ஆம் திகதியே வந்தது. விசாகமும் அதே பௌர்ணமி, திங்கள் வற்றாப்பளைப் பொங்கல். ஒரு முழுநிலவில் பௌத்தருக்குப் புத்தர் பிறப்பு, இந்துக்களுக்கு அம்மன் பொங்கல், இந்தக் கரைக்குச் சாவு. எங்களுக்கு நோன்பு. ஈஸ்டர் குண்டுவெடிப்பு நடந்து 4 கிழமை. குளியாப்பிட்டி, ஹெட்டிபொல, மினுவாங்கொடைப் பக்கம் முஸ்லிம் கடைகளும் பள்ளிகளும் எரிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. அந்த வருடம் பஸ்களும் இல்லை, நாங்களும் வெளியில் இறங்கவில்லை. கரை அமைதியாக இருந்தது. அந்த அமைதியை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

எங்கள் பழைய பதிவில் நாங்கள் விட்ட பெரிய பிழை ஒன்றை இங்கே சொல்லவேண்டும். பஸ்ஸில் வருகிற எல்லோரையும் ஒரே கூட்டமாக எழுதியிருந்தோம். 1996 ஜூலை 18 முல்லைத்தீவு முகாம் விழுந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் செத்தார்கள். பலருடைய உடல் வீட்டுக்குப் போகவில்லை. ஒரு முறை கடலோரத்தில் ஒரு சிங்கள அம்மா, நல்ல வயசு, செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இருந்து அழுதார். அவரோடு வந்த பஸ்ஸுக்குள் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டோம். மகன் இங்கே இருந்தவன் என்றார். "மெஹே" என்று மணலைத் தட்டிக் காட்டினார். எங்கள் கரைவலை ஐயாமாரில் ஒருவர் அவருக்குச் செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அந்த அம்மாவும் ஒரு சுற்றுலாப் பயணிதான், கணக்குக்கு.

சத்தம் என்று பேசும்போது எங்கள் கூரையையும் பார்க்கவேண்டும். இந்த நாட்டில் ஒலிபெருக்கிச் சத்தத்துக்குக் கடிவாளம் போட்ட முக்கியமான தீர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி வழக்கில். வெலிகமை இன்று சர்ஃபிங் பழக வெளிநாட்டுச் சனம் குவிகிற ஊர். 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது: இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது, சமயத்தின் பெயரிலும் மற்றவன் காதுக்குள் சத்தத்தைத் திணிக்க உரிமை இல்லை. சுபஹ் பாங்கு 6 மணிக்கு முன்னம்தானே. அன்றிலிருந்து எங்கள் ஊர்களில் அது பற்றிய வாக்குவாதம் ஓயவில்லை. நாங்கள் அந்தத் தீர்ப்பை வகுப்பில் குடியியலில் படிப்பிக்கிறோம். கடற்கரைக்குப் பக்கத்து விருந்தினர் விடுதி ஒன்றில் விடிய 2 மணி வரைக்கும் டி.ஜே. போட்டபோது அதே தீர்ப்பைத்தான் சொல்லி முறைப்பாடு கொடுத்தோம். அந்த இரவு சத்தம் குறைந்தது. அடுத்த கிழமை திரும்பவும் தொடங்கியது. விடுதிக்காரரும் உள்ளூர் ஆள்தான், தமிழர், யுத்தத்தில் எல்லாம் இழந்து வங்கிக் கடனில் கட்டினவர். "சேர், லீவு நாள் 4 மாசத்துக்கு ஒருக்கா வருது, கடன் மாசா மாசம் வருது" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. பாலத்தடியில் நந்திக்கடல் இறாலைக் கூறு போட்டு விற்கிற பெண்களும் லீவு நாளைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்கள்.

போன டிசம்பருக்கு வருகிறோம். 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, நத்தாருக்கு மறுநாள், பௌர்ணமி விடுமுறை. லீவு நாள் என்பதால்தான் தெற்கே பெரலியவில் அந்த ரயிலில் அவ்வளவு சனம். முல்லைத்தீவில் கரையோரத் தேவாலயம், வீடுகள், வள்ளங்கள், செந்தளிர் இல்லத்துப் பிள்ளைகள் எல்லாம் ஒரே காலையில் போனது. இந்த மாவட்டத்தில் செத்தவர்கள் ஆயிரக்கணக்கில். அந்தக் காலையில் நாங்கள் ஆலங்குடாவில் இருந்தோம். எங்கள் கடலும் கொஞ்சம் உள்வாங்கினது, ஆனால் எங்களில் யாரும் போகவில்லை. யோசித்துப் பார்த்தால் ஒரு விசித்திரம்: 1990இல் எங்களைத் துரத்தினதால் 2004இலும் 2009இலும் நாங்கள் இந்தக் கரையில் இல்லை. துரத்தினதற்கு நன்றி சொல்ல ஆள் இல்லை நாங்கள். ஆனால் இந்த ஊருக்கு மிகப் பெரிய சாவுகள் நடந்த இரண்டு நேரத்திலும் நாங்கள் வேறு எங்கோ இருந்தோம். அதனால் அந்தத் திகதிகள் எங்கள் உடம்பில் இல்லை. படித்துத் தெரிந்தவைதான். பாட்டுப் போட்ட எங்கள் பெடியனுக்கு அதுவும் இல்லை. அவன் பிறந்ததே புத்தளத்தில், சுனாமிக்குப் பிறகு. எங்கள் தரம் 11 வரலாற்றுப் புத்தகத்திலும் இந்தத் திகதிகளுக்கு இடமில்லை.

அதே மாதிரி எங்கள் ஒக்டோபர் இந்த ஊரில் பலருக்குத் தெரியாது. வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள், "நீங்கள் ஏன் சேர் புத்தளத்திலயிருந்து இஞ்ச வந்தனீங்கள்?" என்று. மீள்குடியேற்றக் காணி பற்றிக் கூட்டங்கள் நடக்கும்போது "வந்தேறிகள்" என்கிற சொல்லும் காதில் விழும். எங்கள் மூத்தவாப்பாவின் வாப்பா அடங்கின மையவாடி இங்கே இருக்கிறது. ஆனால் லீவுக்கு வேனில் வந்து, பழைய வளவைப் பார்த்து, கடலில் குளித்து, சாயந்தரம் போகிற எங்கள் சனத்தைப் பார்க்கிற ஒருவருக்கு அவர்கள் யார்? முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு லீவு தனி என்பதால் சிலவேளை மற்றப் பிள்ளைகள் படிக்கிற நாளில் எங்கள் வேன்கள் வந்து நிற்கும். அதுவும் கண்ணை உறுத்தும்.

ஜனவரியில் அந்த ஐயாவைத் தேடிப் போனோம். வலை பொத்திக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டோம். "அதை விடுங்கோ சேர், பெடியள்தானே" என்றார். சுனாமியில் மனிசியும் 2 பிள்ளைகளும். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்: "உங்கட சனம் போன நாள் எது?" சொன்னோம். தலையாட்டினார். "டிராக்டர்களிலயும் நடந்தும் போனதைக் கண்டனான். நான் அப்ப இளந்தாரி. போற ஒருத்தரிட்ட ஒரு றலி சைக்கிள் வாங்கினனான், சும்மா விலைக்கு. அவர் தந்திட்டுப் போனவர். நல்ல சைக்கிள்." வலையை ஒரு முறை உதறினார். "பேர் மறந்துபோச்சு" என்றார்.

அந்த சைக்கிள்காரர் யார் என்று புத்தளத்தில் விசாரித்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீரூற்று ஆட்கள் யாராவது இதை வாசித்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கரையில் மீன் வாங்கி விற்றவராக இருக்கலாம் என்பது ஐயாவின் ஞாபகம்.

குடும்ப வாட்ஸ்அப் குறூப்பில் திகதிகளைப் போட்டுவிட்டோம்: மே 18, டிசம்பர் 26, வற்றாப்பளைப் பொங்கல் கிழமை. ராத்தா முதலில் கோபப்பட்டா. "அப்ப எங்கட நாளை அவங்கட குறூப்பில யார் போடுறது?" என்று கேட்டா. நியாயமான கேள்விதான். ஐயாவின் சைக்கிள் கதையை குரல்பதிவாக அனுப்பினோம். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. அடுத்த நாள் மச்சான்தான் எழுதினார், வரும் டிசம்பருக்கு வேனை 27ஆம் திகதிக்குச் சொல்லியிருக்கிறேன், ஸ்பீக்கர் வருகுது, ஆனால் சின்னது என்று.